டைட்டானியம் மஸில் பிரேக்: அடையாளத்தை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

அமெரிக்காவில் ஐடஹோ, மொன்டானா, அலாஸ்கா மலைகளில் வேட்டைக்குப் போகிறவர்கள் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட வெட்டி எடை குறைப்பார்கள். அவர்கள் கையில்தான் டைட்டானியம் மஸில் பிரேக் முதலில் பரவியது. மஸில் பிரேக் என்றால் ரைபிள் குழலின் நுனியில் திருகி மாட்டும், ஓட்டைகள் உள்ள சின்னத் துண்டு. குண்டுக்குப் பின்னால் வரும் வாயுவைத் திருப்பி உதையைக் குறைக்கும். இப்போது மலைப்பக்கமே போகாதவர்களும் வாங்குகிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் "மரை பிடித்துக்கொண்டது", "பொறி பறக்கிறது", "குறி தப்புகிறது" என்று கேள்விகள் வரத் தொடங்குகின்றன. நான் ரைபிள் மெக்கானிக் இல்லை. கோயம்புத்தூரில் லேத் பிடித்துப் பழகி, அமெரிக்கப் பட்டறை ஒன்றில் பத்து வருடமாக டைட்டானியம் கடைகிறவன். வார இறுதியில் சுடும் களத்துக்குப் போவேன். என்னிடம் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே மூலம்தான்: எஃகை நடத்துகிற மாதிரியே டைட்டானியத்தையும் நடத்துவது.

மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வது எல்லாம் புரியும். பிரேக் செய்யப் பயன்படும் டைட்டானியம் பெரும்பாலும் கிரேடு 5. அதாவது 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். ஒன்று, எடை: ஒரு கன செ.மீ. 4.43 கிராம், எஃகு 7.8 கிராம். இரண்டு, சூட்டைக் கடத்தாது: குழல் செய்கிற குரோம்-மாலி எஃகு கடத்துவதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் கடத்தும். மூன்று, உரசினால் ஒட்டும். வலிமை வேண்டிய அளவு இருக்கிறது, ஆனால் சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அந்த வலிமையை நம்பக்கூடாது.

தொடங்கும் முன் ஒன்று. எந்தச் சோதனைக்கும் முன்னால் தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள், ரைபிளின் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) கழற்றுங்கள், குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். குழல்வாயில் கை வைத்து வேலை செய்யப் போகிறோம், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

அடையாளம்: விலை குறைவு, கையில் கனம், இது டைட்டானியம்தானா என்று சந்தேகம்

முதலில் காந்தம். பிரேக் செய்கிற எஃகு வகைகள் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும். ஒட்டினால் பேச்சே இல்லை, அது டைட்டானியம் கிடையாது. ஒட்டவில்லை என்றால் மட்டும் டைட்டானியம் ஆகிவிடாது. சமையலறைப் பாத்திரம் செய்கிற 304 எவர்சில்வரும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு போதும். பிரேக்கை எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். பிரேக்கை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். ஓட்டைகளில் காற்றுக் குமிழி நிற்கும், ஆட்டி வெளியேற்றுங்கள். இப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, பிரேக்கின் கன அளவு அத்தனை கன செ.மீ. எடையை இதால் வகுங்கள். 4.4 பக்கம் வந்தால் டைட்டானியம். 7.8 வந்தால் எஃகு. 2.7 வந்தால் அலுமினியம். அதைச் சென்டர்ஃபயர் ரைபிளில் (தோட்டாவின் அடி நடுவில் தட்டிச் சுடும் வகை) மாட்டவே வேண்டாம்.

இந்தச் சோதனை கிரேடு 5-ஐயும் கலப்பில்லாத கிரேடு 2-ஐயும் பிரித்துக் காட்டாது. இரண்டும் எடையில் அண்ணன் தம்பி. வலிமையில் அப்படி இல்லை, கிரேடு 5-இல் மூன்றில் ஒரு பங்குதான் கிரேடு 2 தாங்கும். எந்தக் கிரேடு என்று சொல்லத் தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே இதற்கு மருந்து.

அடையாளம்: திருகும்போது மரை பாதியில் இறுகுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். போன வருடம் எங்கள் பட்டறைத் தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான்.

"அண்ணா, நாலு சுத்து போச்சு, அப்புறம் நிக்குது. ரெஞ்ச் போட்டு ஒரு அழுத்து அழுத்தட்டுமா?"

"போடாதே தம்பி. கையை எடு, டீ குடி, நான் வர்றேன்."

நான் போவதற்குள் அவன் அழுத்திவிட்டான். கடைசியில் பிரேக்கை நீளவாக்கில் அறுத்துத்தான் எடுக்க வேண்டி வந்தது.

நடப்பது இதுதான். டைட்டானியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று எப்போதும் இருக்கும். துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். மரையும் மரையும் அழுத்தி உரசும்போது அந்தத் தோல் கிழிந்து பச்சை உலோகம் வெளியே வருகிறது. பச்சை டைட்டானியம் எதிரில் உள்ள உலோகத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பிய்ந்து சின்னக் கட்டியாகி, அடுத்த சுற்றில் இன்னும் ஆழமாக உழும். நீங்கள் பலம் கூட்டக் கூட்ட ஒட்டு பலமாகிறது. எஃகு மரையில் "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றால் ஒரு அழுத்தில் போய்விடுவது உண்டு. இங்கே அந்த ஒரு அழுத்துதான் எமன்.

இறுகினதும் நிறுத்துங்கள். முன்னோக்கி ஒரு நூல்கூட வேண்டாம். ஊடுருவும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். பிறகு கால் சுற்று பின்னால், அரைக்கால் சுற்று முன்னால், மறுபடி கால் சுற்று பின்னால் என்று வாருங்கள். சூடு ஏறுவது தெரிந்தால் மறுபடி நிறுத்துங்கள். பின்னாலும் வரவில்லை என்றால் வீட்டில் வைத்து மல்லுக்கட்டாதீர்கள், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் பிரேக்கை அறுக்க வேண்டும் என்றால் அறுக்கட்டும். பிரேக் போனால் இன்னொன்று வாங்கலாம், குழலின் மரை போனால் குழலையே வெட்டி மறுபடி மரை போட வேண்டும்.

வெளியே வந்துவிட்டால் குழல் மரையின் பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் அப்பியிருப்பதைப் பாருங்கள். அது டைட்டானியம். மரை அரத்தால் பொறுமையாக எடுங்கள். அமிலம் விடலாமா என்று கேட்பார்கள். டைட்டானியத்தைக் கரைக்கிற அமிலம் குழலையும் விடாது, உங்கள் கையையும் விடாது.

இது வராமல் தடுப்பது எளிது. குழல் மரையை அசிட்டோன் போட்டுத் துடைத்து, நகத்தால் தடவிப் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மரையில் அடிபட்ட தழும்பு இருந்தால் அரத்தால் சரிசெய்யுங்கள். மரையளவு சரியா என்று பெட்டியைப் பாருங்கள். அமெரிக்காவில் .223 வகைக்குப் பெரும்பாலும் அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை. .30 காலிபருக்கு (காலிபர் என்றால் குழல் துளையின் அளவு) 5/8 அங்குலம், 24 மரை. ஐரோப்பியக் குழல்களில் மில்லிமீட்டர் மரை வரும். சில அளவுகள் இரண்டு மூன்று சுற்று வரை ஏமாற்றி உள்ளே போகும். கடைசியாக, நிக்கல் அல்லது மாலிப்டினம் கலந்த வழுக்குப் பசையை மெல்லிசாகப் பூசி, விரலால் மட்டும் திருகுங்கள். குழலின் தோள்பட்டையில், அதாவது மரை முடிகிற படியில், போய் முட்டும்வரை விரலுக்கே வர வேண்டும். வராத மரையை ரெஞ்ச் வரவைக்காது.

அடையாளம்: இருபது, முப்பது சுட்டதும் தளர்ந்துவிடுகிறது, அல்லது ஓட்டைகள் சரிந்து நிற்கின்றன

முதல் சந்தேகம் பசையின் மேல். வண்டி போல்ட்டுக்குப் போடும் சாதாரண மரைப் பூட்டுப் பசை 150 டிகிரியிலேயே வலுவை இழக்கத் தொடங்கும். நாலைந்து தோட்டா வேகமாகச் சுட்டாலே பிரேக் அந்தச் சூட்டைத் தொடலாம். சூட்டைத் தாங்கும் செராமிக் வகைப் பசைதான் இங்கே வேலைக்கு ஆகும். அதையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மரையில் போட்டு ஒருநாள் முழுக்கக் காய விட வேண்டும். மேலே சொன்ன வழுக்குப் பசையும் இதுவும் ஒரே மரையில் ஒத்துப்போகா. அடிக்கடி கழற்றுகிறவர் வழுக்குப் பசை, ஒருமுறை மாட்டி விட்டுவிடுகிறவர் செராமிக் பசை.

பசை சரியாக இருந்தும் தளர்ந்தால் உலோகத்தின் குணம் எட்டிப்பார்க்கிறது. குழல் எஃகு சூட்டில் விரிகிற அளவில் முக்கால் பங்குக்கும் குறைவாகத்தான் டைட்டானியம் விரியும். இறுக்கிய பிரேக் தோள்பட்டையை அழுத்திக்கொண்டு நிற்பதற்குக் காரணம், குழலின் மரைப்பகுதி ரப்பர்போல மயிரிழையிலும் சிறு பங்கு நீண்டு இழுத்துப் பிடித்திருப்பதுதான். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தால் குழல் நுனி பிரேக்கைவிட அதிகமாக நீளுகிறது, அந்த இழுவை தளர்கிறது. எஃகுக் குழலில் எஃகு பிரேக் போட்டால் இரண்டும் சேர்ந்து நீளும், இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

செய்ய வேண்டியது: செய்தவர் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். 5/8 மரைக்குப் பொதுவாக 27 முதல் 34 நியூட்டன் மீட்டர் சொல்வார்கள். குழலை, நுனிக்குப் பக்கத்தில், குழல் வைஸில் பிடியுங்கள். ரைபிளின் உடலைப் பிடித்துக்கொண்டு நுனியில் முறுக்கினால் அந்த முறுக்கு முழுவதும் உடலின் மரை வழியாகப் போகும். பிறகு பிரேக்கும் குழலும் சேருமிடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் நகர்ந்ததா இல்லையா என்ற சண்டையே இருக்காது.

அடையாளம்: கழற்ற வேண்டும், அசையவில்லை

செராமிக் பசை போட்டிருந்தால் கேஸ் டார்ச் வைத்துச் சூடுகாட்டி ஒன்றும் ஆகாது, அந்தப் பசை ஆயிரம் டிகிரியையும் தாங்கும். அதற்கு எதிரி தண்ணீர். குழலுக்குள் எண்ணெய் பூசி, குழல்வாயை அடைத்து, பிரேக் மட்டும் மூழ்கும்படி வெந்நீரில் ஓரிரவு தலைகீழாக நிறுத்துங்கள். காலையில் ரெஞ்ச் வைத்தால் நறுக்கென்று ஒரு சத்தத்தோடு விடும்.

எஃகு பிரேக்கைச் சூடுகாட்டிக் கழற்றிய பழக்கத்தில் டைட்டானியத்துக்கும் டார்ச் எடுக்கிறவர்கள் உண்டு. வெளியே இருக்கும் பிரேக் குறைவாக விரிகிறது, உள்ளே இருக்கும் குழல் நுனி அதிகமாக விரிகிறது. சூடுகாட்டக் காட்ட இன்னும் கவ்விக்கொள்ளும். எந்தப் பசை என்றே தெரியாத பழைய ரைபிள் என்றால், தண்ணீரை முதலில் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

அடையாளம்: சுடும்போது வெள்ளைப் பொறி பறக்கிறது

முதல்முறை பார்க்கிறவர் பயந்துதான் போவார். அந்தி நேரத்தில் சுட்டால் தீபாவளிக் கம்பி மத்தாப்பு மாதிரி இருக்கும். உவமை சும்மா இல்லை: வாணவேடிக்கையில் பளீர் வெள்ளைப் பொறிக்காக டைட்டானியத் தூளைச் சேர்ப்பது உண்மையிலேயே வழக்கம். பிரேக்கில் நடப்பதும் அதேதான். எரியாத வெடிமருந்துத் துகள்கள் மணல் வீச்சுப் போலப் பிரேக்கின் உட்சுவரில் மோதி, நுண்ணிய டைட்டானியத் துகள்களைப் பெயர்க்கின்றன. பெயர்ந்த துகள் ஏற்கெனவே கொதிக்கிற சூட்டில் இருக்கிறது, காற்றில் பட்டதும் எரிகிறது. டைட்டானியம் நைட்ரஜனில்கூட எரியும், அப்படிப்பட்ட உலோகங்கள் மிகச் சில.

முதலில் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு, மஞ்சள் என்றால் அது எரியும் மருந்தாகவோ கரித்துகளாகவோ இருக்கலாம், எந்த உலோகப் பிரேக்கிலும் வரும். கூர்மையான வெள்ளை என்றால் டைட்டானியம். அடுத்து, பிரேக்குக்கு எத்தனை வயது? புதிதில் கடைசல் பிசிறுகள் எரிந்து தீரும்வரை அதிகம் பறக்கும், பிறகு அடங்கும். அடங்காமல் நூறு, இருநூறு தாண்டியும் அதே வேகத்தில் பறந்தால் சுவர் தேய்கிறது என்று பொருள், அடுத்த அடையாளத்துக்குப் போங்கள். மூன்றாவது, குழல் எவ்வளவு நீளம்? 10 அங்குலக் குழலில் மருந்து முழுக்க எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும், மிச்ச மருந்தெல்லாம் பிரேக்கில்தான் மோதும். 24 அங்குலக் குழலில் இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறையும். குட்டைக் குழலில் டைட்டானியம் போட்டது தேர்வில் நடந்த தவறு, பராமரிப்பால் சரியாகாது.

பொறி வருவதால் ரைபிளுக்கு உடனே ஆபத்தில்லை. புல்லுக்கு ஆபத்து. மேற்கு அமெரிக்காவில் கோடையில் புல் காய்ந்து வைக்கோல் ஆகிவிடும், தீத்தடை உத்தரவு போடுவார்கள். 2013-இல் அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் ரைபிள் குண்டுகளைக் கடின எஃகுத் தகட்டில் சுட்டு, சிதறல் விழும் இடத்தில் உலர்ந்த பீட் பாசியை (மட்கிய பாசி) வைத்துப் பார்த்தார்கள். எஃகுப் பாகம் உள்ள குண்டுகளும் முழுச் செம்புக் குண்டுகளும்தான் அதிகம் பற்றவைத்தன. அது குண்டைப் பற்றிய சோதனை, பிரேக்கைப் பற்றியது அல்ல. ஆனால் காய்ந்த மட்கு பற்றிக்கொள்ள எவ்வளவு சின்னத் துகள் போதும் என்பதை அது காட்டியது. படுத்துச் சுடுகிறவர் பிரேக்கின் இரு பக்கத் தரையிலும் ஈரச் சாக்கையோ கனத்த ரப்பர் விரிப்பையோ போடுங்கள். தீத்தடை நாளில் ரைபிளை வீட்டில் விட்டுவிட்டு, சுடப் போகாமலே இருந்துவிடுங்கள்.

அடையாளம்: உள்ளே முதல் சுவர் சொரசொரப்பாக, குழிகுழியாக இருக்கிறது

குழலிலிருந்து வரும் வாயு முதலில் மோதும் சுவர்தான் எல்லா அடியையும் வாங்கும். டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். கரி அப்பியிருந்தால் பிளாஸ்டிக் கம்பியால் சுரண்டிவிட்டுப் பாருங்கள், பலர் கரிக்கட்டியையே அரிப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். சுவர் மங்கலாக, மணல்காகிதம் தேய்த்த மாதிரி இருந்தால் சாதாரணம். ஓட்டையின் ஓரம் கூர்மை இழந்து உருண்டு, குழி விழுந்திருந்தால் தேய்மானம் வேகமாக இருக்கிறது.

ஏன் வேகம்? ஒரே அளவுள்ள எஃகுத் துண்டுக்கும் டைட்டானியத் துண்டுக்கும் ஒரே வெப்பத்தைக் கொடுத்தால் டைட்டானியத்தில் சூடு ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஏறும். எடை குறைவு என்பதால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கொள்ளளவும் குறைவு. வாங்கியதைப் பின்னால் குழலுக்குக் கடத்தவும் தெரியாது. அதனால் சுவரின் மேல்பரப்பு மட்டும் கொதித்து, வலிமை இழந்து நிற்கும் நேரத்தில் அடுத்த குண்டின் வாயு வந்து அறைகிறது. உருகுநிலை 1,600 டிகிரிக்கு மேல் என்று விளம்பரத்தில் போடுவார்கள், எஃகைவிட அதிகம்தான். ஆனால் பிரேக் உருகித் தேய்வதில்லை, இளகித் தேய்கிறது.

ஆகவே கேள்வி உலோகத்தைப் பற்றியது அல்ல, நீங்கள் சுடும் விதத்தைப் பற்றியது. நாள் முழுக்க நடந்து மூன்று தோட்டா சுடும் வேட்டைக்காரருக்கு டைட்டானியம் வாழ்நாள் முழுக்க வரும். போட்டியில் இரண்டு நிமிடத்தில் பத்து, பன்னிரண்டு சுடுகிறவர் 17-4 வகைத் துருப்பிடிக்கா எஃகுக்கே போகட்டும். அவருக்கு முன்பக்கக் கனம் ரைபிளை அமைதியாக நிறுத்தவும் உதவும். இராணுவமும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. இந்தியா 2016-இல் 145 வாங்க ஒப்பந்தம் போட்ட எம்777 பீரங்கியில் உடற்கூடு டைட்டானியம், அதனால்தான் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலைமேல் கொண்டுபோக முடிகிறது. குழலோ எஃகு.

குழியைத் தாண்டி, ஓட்டைகளின் மூலையில் மயிர்க்கோடு தெரிந்தால் அந்தப் பிரேக்கின் கதை முடிந்தது. விரிசலா கீறலா என்று சந்தேகமாக இருந்தால் சிவப்புச் சாயம் ஊறவைத்துப் பார்க்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். காந்தத்தூள் சோதனை செய்து "ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டைட்டானியத்தில் காந்தத்தூள் எதையும் காட்டாது.

அடையாளம்: நிறம் மாறுகிறது

வைக்கோல் மஞ்சள், பொன், ஊதா, நீலம் என்று மாறினால் கவலை வேண்டாம். ஆக்சைடு தோல் தடிக்கத் தடிக்க ஒளி விளையாடுகிறது, சாயம் எதுவும் இல்லை. கடையில் வண்ணம் ஏற்றி விற்பதும் இதே வித்தையை மின்சாரத்தால் செய்வதுதான். அதனால் அந்த வண்ணம் சூட்டில் நிற்காது, பணம் கொடுத்து வாங்க வேண்டாம். சுண்ணாம்பு மாதிரி வெளிறிய சாம்பல் நிறத்தில் செதில் எழும்பினால் மட்டும் யோசியுங்கள். உலோகம் ஆக்சிஜனை உள்ளே குடித்து மேல்தோல் நொறுங்கும் நிலைக்குப் போயிருக்கிறது.

அடையாளம்: எஃகிலிருந்து மாற்றியதும் உதை கூடிவிட்டது

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஃகு பிரேக் 90 கிராம் என்றால் அதே வடிவ டைட்டானியம் 51 கிராம். வித்தியாசம் 39 கிராம். ஸ்கோப்போடு ரைபிள் 3.4 கிலோ என்றால் ஒரு சதவீதத்துக்குச் சற்றுமேல். உதையின் ஆற்றல் ரைபிளின் எடைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும், ஆகவே உதை கூடியதும் ஒரு சதவீதம்தான். எந்தத் தோளும் இதைக் கண்டுபிடிக்காது. பிரேக் வேலை செய்வது வடிவத்தால்: சுவரில் மோதும் வாயு பிரேக்கை முன்னால் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் உதையில் ஒரு பகுதியைக் கழிக்கிறது. வாயுவுக்குச் சுவர் எந்த உலோகம் என்று தெரியாது.

எனவே உதை உண்மையிலேயே கூடியிருந்தால் வடிவம் மாறியிருக்கிறது. புதியதில் சுவர்கள் குறைவா, குறுக்களவு சின்னதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து, வெளியேறும் ஓட்டை உங்கள் காலிபருக்கு உரியதா? .30-க்கான பிரேக்கை 6.5 மி.மீ. காலிபரில் மாட்டினால் வாயுவில் கணிசமான பங்கு சுவரில் மோதாமல் நேராகப் போய்விடும். பிரேக் பக்கச்சாய்வாக நிற்கிறதா என்றும் பாருங்கள், அப்போது குழல் ஒரு பக்கமாக எகிறும், அதை உதை என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். இவை எல்லாம் சரி என்றால் சந்தேகப்பட வேண்டியது காதை. பின்னோக்கிச் சாய்ந்த ஓட்டைகள் சத்தத்தையும் காற்றடியையும் சுடுகிறவர் முகத்தில் திருப்பும். செவிச்செருகியும் மேலே காதுக் கவசமும் போட்டுச் சுட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு உதை அங்கேயே குறைந்துவிடுகிறது.

அடையாளம்: குறி நகர்ந்துவிட்டது, அல்லது குண்டுகள் சிதறுகின்றன

இரண்டும் வேறு வேறு நோய். எல்லாக் குண்டும் நெருக்கமாக, ஆனால் வேறு இடத்தில் விழுந்தால் அது கோளாறே இல்லை. குழல் சுடும்போது அதிரும், நுனியில் தொங்கும் எடை மாறினால் அதிர்வு மாறும். ஸ்கோப்பை மறுபடி குறி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கைக் கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

சிதறினால் மட்டும் கவனம். குழல்வாய் பக்கத்திலிருந்து பிரேக்கின் வெளியேறும் ஓட்டையைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் பிறைபோலச் செம்புப் பளபளப்பு இருந்தால் குண்டு உரசிப் போகிறது, அதற்குமேல் ஒரு தோட்டாவும் சுடாதீர்கள். .308 குண்டின் விட்டம் 7.82 மி.மீ., ஓட்டை பெரும்பாலும் அதைவிட அரை மி.மீ. பெரியதாக இருக்கும். அதாவது பக்கத்துக்குக் கால் மி.மீ.தான் இடைவெளி. பிரேக்குக்கும் தோள்பட்டைக்கும் நடுவே போடும் நசுங்கும் வாஷர் கோணலாக நசுங்கினாலே அந்த இடைவெளி தீர்ந்துவிடும். வாஷரைத் தூக்கிப்போட்டு, தட்டையான மெல்லிய தகட்டு வாஷர்களால் ஓட்டைகளை நேர்ப்படுத்துங்கள். குழலுக்குள் நேர்க்கம்பி விட்டு, ஓட்டையின் நடுவில் அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுட வேண்டும். நடுவில் நிற்காவிட்டால் தோள்பட்டையோ மரையோ கோணல், அது லேத் வேலை.

அடையாளம்: பிரேக் பளபளக்கிறது, குழல் நுனியில் துரு

கடலோரத்தில் வேட்டையாடுகிறவர்களுக்கு வருவது. டைட்டானியமும் சாதாரண எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் சின்ன மின்கலம் உருவாகிவிடும், தின்னப்படுவது எப்போதும் எஃகுதான். துருப்பிடிக்கா எஃகுக் குழலில் இது பெரும்பாலும் வராது. கருநீலம் ஏற்றிய குழல் என்றால் மழையில் நனைந்த அன்றே கழற்றித் துடைத்து, மரையிலும் தோள்பட்டையிலும் வழுக்குப் பசையைப் புதிதாகப் பூசுங்கள்.

அடையாளம்: கரி போகவே மாட்டேன் என்கிறது

போகாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும், ஓட்டையை அடைக்காதவரை கரியால் பிரேக்குக்குத் தீங்கில்லை. கரி கரைப்பானில் ஊறவைத்து வெண்கலப் பிரஷ் போடுங்கள், அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கச் சொல்வார்கள். டைட்டானியம் அதற்கு அசையாது, ஆனால் கரியோடு சேர்ந்திருக்கும் ஈயம் கரைந்து ஈய அசிடேட் ஆகும். தோல் வழியாகவே உடம்புக்குள் போகிற நஞ்சு அது. கார் சக்கரம் கழுவும் திரவங்களில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது, டைட்டானியத்தைத் தின்கிற அபூர்வ அமிலங்களில் அது ஒன்று.

மெத்தனாலில் ஊறப்போடவும் வேண்டாம். 1966-இல் அப்போலோ விண்கலத்தின் எரிபொருள் தொட்டி ஒன்றை மெத்தனால் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தபோது விரிசல் விட்டது. நம் பிரேக்கில் இருக்கிற அதே கிரேடு 5 உலோகம்தான். பிரேக்கில் தொட்டியைப் போலத் தொடர் அழுத்தம் இல்லைதான். இருந்தாலும் அசிட்டோன் கையில் இருக்கும்போது மெத்தனால் எதற்கு?

அடையாளம்: லேத்தில் டூல் முனை எரிகிறது, சுருள் பற்றிக்கொள்கிறது

இது பிரேக்கைத் தானே கடைகிற, அல்லது ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்க நினைக்கிற பட்டறைக்காரர்களுக்கு. எஃகில் வெட்டுச் சூடு சுருளோடு போய்விடும், டைட்டானியத்தில் பெரும்பங்கு டூல் முனையிலேயே தங்கும். கார்பைடு இன்சர்ட்டில் குரோம்-மாலி எஃகுக்கு நிமிடத்துக்கு 150 மீட்டர் ஓட்டுகிறவர் இதற்கு 50-க்கு இறங்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும்போது ஊட்டத்தையும் (டூல் முன்னேறும் அளவு) குறைத்துவிடுவார்கள், அதுதான் பிழை. டூல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தயங்கி நின்றால் உரசும், உரசினால் மேல்பரப்பு இறுகும், அடுத்த வெட்டில் முனை போகும். இன்சர்ட் கூர்மையான, பொன்னிறப் பூச்சு இல்லாத வகையாக இருக்கட்டும். அந்தப் பொன்னிறம் டைட்டானியம் நைட்ரைடு, இனம் இனத்தோடு ஒட்டிக்கொள்ளும். கூலண்ட் சொட்டுச் சொட்டாக அல்ல, குழாய் திறந்த மாதிரி.

தடித்த சுருள் எளிதில் பற்றாது. கடைசி மெல்லிய வெட்டில் வரும் பஞ்சு மாதிரிச் சுருளும், மணல்காகிதம் போட்ட தூளும்தான் ஆபத்து. ஒவ்வொரு துண்டு முடிந்ததும் தட்டைச் சுத்தம் செய்து, சுருளை மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் உதவாது, டைட்டானியம் அதிலும் எரியும். உலோகத் தீக்கு உரிய அணைப்பான் அல்லது உலர்ந்த மணல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கிற இல்மனைட் என்ற கனிமத்தில்தான் டைட்டானியம் இருக்கிறது. பிறந்த மண்ணைப் போட்டு மூடினால் அடங்கிவிடுகிறது என்று நான் பட்டறையில் சொல்வேன், இங்கே யாரும் சிரிப்பதில்லை.

மணல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எங்கள் லேத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் மூடியோடு இருக்கிறது. மூடி போட்டது ஈரத்துக்காக மட்டும் இல்லை, காபிக் கோப்பையில் மிச்சம் இருப்பதை அதில் ஊற்றுகிற ஒரு ஆள் எங்கள் ஷிப்டில் இருக்கிறார்.